நீலக் கோழி

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதிக்கு அந்தலூசியா என்பது பெயர். அப்பெயரைத் தாங்கிய கோழியினம் ஒன்றுண்டு. நிமிர்ந்த உடலும் செங்கொண்டையும் வெண்ணிறச் செவிமடலும் உடையது அது. அதனை நீலக் கோழி என்பர். உண்மையில் அதன் நிறம் மாடப்புறாவின் மேனியை ஒத்த சாம்பலே. இறகின் விளிம்புதோறும் கருங்கோடு ஒன்று ஓடும். கருமையை நீலம் என்னும் வழக்குத் தமிழிலும் உண்டாதலின், இப்பெயர் நமக்குப் புதுமையன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டினர் இவ்வினத்தை விரும்பி வளர்த்துக் கண்காட்சிகளில் வைத்தனர். ஆயினும் அவர்க்கு ஓர் இடர் நேர்ந்தது. குற்றமற்ற நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் இணைத்தாலும், பன்னிரண்டு குஞ்சுகளுள் ஏறத்தாழ ஆறே நீலமாயின. மூன்று கறுத்திருந்தன, ஏனைய மூன்றும் வெண்மேனியில் சாம்பற்புள்ளி தெறித்தவை. குருதிக் கலப்பால் வந்த குறை இது என எண்ணிய பலர், அவற்றைக் கழித்து நீலத்தையே பேணினர். தலைமுறை பல கழிந்தும் குறை நீங்கவில்லை.

பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து மெண்டல் என்னும் துறவி 1866-இல் வெளியிட்ட கட்டுரை, 1900-இல்தான் அறிஞர் கருத்தைக் கவர்ந்தது. அவர் கண்ட நெறியைக் கேம்பிரிட்ஜ் நகரில் பேட்சனும் பன்னட்டும் கோழிகளிடத்தே ஆராய்ந்தனர். புதிரும் விடுபட்டது.

குஞ்சு ஒவ்வொன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரு நிறக்கூறுகளைப் பெறும். இரண்டும் கருமைக்கூறாயின் குஞ்சு கறுக்கும். இரண்டும் கருமையை வெளிறச் செய்வனவாயின் புள்ளி வெண்மை தோன்றும். வகைக்கு ஒன்றாக அமைந்தால் மட்டுமே நீலம் பிறக்கும். ஆதலின், நீலக் கோழி தன்னைப் போன்ற குஞ்சுகளையே ஈனுதல் இயலாது. அதன் நீலமே கலப்பின் பயன். கரிய கோழியையும் புள்ளி வெள்ளையையும் இணைத்தாலோ, குஞ்சுகள் அனைத்தும் நீலமாகும்! கழிக்கப்பட்ட இரண்டுமே வேண்டிய நிறத்தைத் தவறாது தரவல்ல பெற்றோராய் இருந்தன.

எனினும் இவ்வழியால் உறுதிப்படுவது நீலம் ஒன்றே. விளிம்பின் கருங்கோட்டிற்கு வேறு கூறுகள் காரணம். கரிய கோழியில் அக்கோடு கண்ணுக்குப் புலனாகாது. ஆகவே தேர்ந்த வளர்ப்பாளர், அதனுடன் பிறந்த நீலக் குஞ்சுகளின் இறகுகளைப் பார்த்த பின்னரே கரிய சேவலைத் தெரிந்தெடுப்பர்.