சின்னமிக் அமிலமும் இருவகைப் பட்டைகளும்

சமையலில் 'பட்டை' என்னும் ஒரே பெயரில் இரு வேறு மரங்களின் பட்டைகள் வழங்கி வருகின்றன. ஒன்று, இலங்கையிலும் கேரளத்திலும் விளையும் மெய்யான கருவாப்பட்டை. மற்றொன்று, சீனா, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் விளையும் காசியா. இரண்டிற்கும் மணம் தருவது சின்னமால்டிஹைடு என்னும் பொருளே. இப்பொருள் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுச் சின்னமிக் அமிலமாக மாறும். நெடுநாள் சரிவர மூடாது வைத்த பட்டை எண்ணெயில் படிகங்கள் தோன்றுவது இதனாலேயாம்.

சின்னமிக் அமிலம் வெண்ணிறப் படிகம். 133 டிகிரி செல்சியசில் உருகும். பென்சீன் வளையத்துடன் இரட்டைப் பிணைப்பும் கார்பாக்சில் தொகுதியும் கொண்ட சிறு சங்கிலி இணைந்த அமைப்பினது. பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவை நீக்கித் தாவரங்கள் இதனை ஆக்குகின்றன. இதற்குரிய நொதியை 1961-இல் கௌகோல், கான் ஆகியோர் விவரித்தனர். தவிட்டிலுள்ள ஃபெருலிக் அமிலம், காப்பிக் கொட்டையிலுள்ள காஃபியிக் அமிலம், மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் யாவும் இவ்வழியில் பிறப்பனவே.

வளையத்தில் சங்கிலிக்கு அடுத்த இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி சேர்ந்து, அது சங்கிலியின் நுனியோடு இணைந்து மூடிக்கொண்டால் கூமரின் உண்டாகிறது. 1868-இல் பெர்கின் ஆய்வுக்கூடத்தில் இதனைத் தொகுத்தார். நறுமணமுடையதாயினும், மிகுதியாக உட்கொண்டால் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கவல்லது. அமெரிக்கா 1954-லேயே இதனை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது.

மெய்யான கருவாப்பட்டையில் கூமரின் மிகச் சொற்பம். காசியாவிலோ கிலோவுக்குச் சில கிராம் வரை இருக்கக்கூடும். நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.1 மில்லிகிராம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கணித்துள்ளது. காசியாத் தூளில் கிலோவுக்கு 3 கிராம் கூமரின் இருப்பதாகக் கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 கிராம் தூளும், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை கிராம் தூளுமே அவ்வளவை எட்டிவிடும். எப்போதோ குழம்பில் இடும் ஒரு துண்டு அஞ்சத்தக்கதன்று. மருந்தெனக் கருதி நாள்தோறும் தூளை அருந்துவோரே கருத்தில் கொள்ள வேண்டியவர்கள்.

முழுப் பட்டையாயின் கண்ணாலேயே பிரித்தறியலாம். கருவாப்பட்டை மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டு எளிதில் நொறுங்கும். காசியா தடித்த ஒற்றைச் சுருளாக இருக்கும். அரைத்தபின் இவ்வேறுபாடு மறைந்துவிடும். அப்போது கூமரினின் அளவைக் குரோமட்டோகிராஃபி முறையால் உறுதியாகக் கூற இயலும். ஆதலின் தூளாக விற்கப்படும் பொட்டலங்களில் எம்மரத்தின் பட்டை என்பது குறிக்கப்படுகிறதா என உணவு ஆய்வாளர்கள் முதலில் நோக்குதல் தகும்.