மூன்று டாக்டர், மூன்று பேச்சு

புரோஸ்டேட் வீங்கியிருக்கிறது என்பதில் மூன்று டாக்டர்களும் ஒன்றாகத்தான் சொன்னார்கள். அதற்கு மேல் ஆளுக்கொரு வழி. முதலாமவர், "ஆபரேஷன் பண்ணிருங்கய்யா, தள்ளிப்போடாதீங்க" என்றார். மதுரை கோரிப்பாளையம் பக்கத்துப் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில் பார்த்தவர், இப்போதைக்கு மாத்திரை போதும் என்றார். மூன்றாமவர் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு 6.8 என்பதைப் பார்த்துவிட்டு, சதைத் துண்டு எடுத்துப் புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும் என்றார். மச்சினன் நெருஞ்சிமுள் கஷாயம் குடிக்கச் சொன்னார்.

யாரை நம்புவது என்று குழம்பிய எனக்கு, யார் எதை வைத்துச் சொன்னார் என்று பார்த்ததுதான் வழிகாட்டியது. முதலாமவர் ஸ்கேனைப் பார்த்தார், அடுத்தவர் என் தொந்தரவுகளைக் கேட்டார், மூன்றாமவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்.

ஸ்கேனில் பயமுறுத்தியது, சிறுநீர் கழித்த பிறகும் சிறுநீர்ப்பையில் 160 மி.லி. தங்கியிருந்ததுதான். ஆனால் அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். தண்ணீரைக் குடிக்கவைத்து, வரிசையில் உட்காரவைத்து, அடிவயிறு வலிக்கத் தொடங்கிய பிறகே கூப்பிட்டார்கள். கழிப்பறைக்குப் போனால் வெளியே அடுத்தவர் கதவைத் தட்டுகிறார். பை அளவுமீறி நிரம்பினால் நல்ல உடம்புக்காரருக்கே முழுவதும் வெளியேறாது. பெரியாஸ்பத்திரி டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, சாதாரணமாக முட்டும்போது போய், நிதானமாகக் கழித்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். 45 மி.லி.தான் வந்தது. ஒற்றை ஸ்கேனை வைத்துக் கத்திக்குச் சம்மதிக்காதீர்கள். சுரப்பியின் எடையை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. 30 கிராமே வழியை அடைப்பதுண்டு, 80 கிராம் தொந்தரவில்லாமல் இருப்பதுண்டு.

பி.எஸ்.ஏ. எடுத்த வாரம் எனக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் இருந்தன. கிருமித்தொற்று, ரப்பர் குழாய் போட்டது, இரண்டுமே அந்த அளவை ஏற்றிவிடும். தொற்று நீங்கிச் சில வாரம் பொறுத்து எடுத்தபோது 2.9 ஆக இறங்கியிருந்தது. இறங்காமல் இருந்திருந்தால் எம்.ஆர்.ஐ.யும் சதைப் பரிசோதனையும் செய்துகொண்டிருப்பேன். அதில் தயங்கக் கூடாது. புரோஸ்டேட்டுக்கான ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் காட்டும். 3 என்று வந்தாலும் உண்மையில் 6 போலத்தான் கணக்கு. இதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பி.எஸ்.ஏ. பரிசோதனை பற்றி வல்லுநர்களே மாறியிருக்கிறார்கள். தொந்தரவில்லாத ஆண்களுக்கு இது வேண்டாம் என்று 2012இல் சொன்ன அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, 2018இல் 55 முதல் 69 வயதுவரை டாக்டரோடு பேசி அவரவர் முடிவெடுக்கலாம் என்றது. ஆகவே இரு டாக்டர்கள் மாறுபட்டாலே ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைப்பது அநியாயம்.

தொந்தரவை எடைபோட ஏழு கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசானது, 20 முதல் கடுமையானது. எனக்கு 14. கூடவே, எந்த நேரம் எத்தனை மி.லி. போனது என்று அளவுக் குவளை வைத்து மூன்று நாள் எழுதச் சொன்னார்கள். வெளியூர் பஸ்ஸில் போகும்போது அவசரமாகிவிடுமோ என்று பகலெல்லாம் தண்ணீரைத் தவிர்த்து, ராத்திரி வீட்டுக்கு வந்து செம்பு செம்பாகக் குடிப்பது எங்கள் வயதுக்காரர் பலரின் பழக்கம். நாள் முழுவதும் போவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போனால், அதற்குப் புரோஸ்டேட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சர்க்கரை, கால்வீக்கம், பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

புரோஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ராத்திரி படுக்கையிலிருந்து சட்டென எழக் கூடாது, தலை சுற்றும். அரவிந்த் கண் மருத்துவமனையோ வேறெங்கோ, கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் இந்த மாத்திரையை முன்பே சொல்லிவிட வேண்டும். நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். கண்ணின் கருவிழித்திரை தளர்ந்து அறுவையைச் சிக்கலாக்கும். இன்னொன்று, புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சளி மாத்திரைகளில் சில, சிறுநீரையே அடைத்துவிடும்.

புதிய தாள்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, ஆபரேஷன் என்ற முதல் டாக்டரிடமே திரும்பப் போனேன். "ஆறு மாசம் பொறுத்தா எனக்கு என்ன ஆகும் சார்?" என்று கேட்டேன். நிதானமாகப் படித்துப் பார்த்தார், கிட்னியைப் பார்க்கக் கிரியேட்டினின் பரிசோதனை எழுதிக்கொடுத்தார், அதுவும் சரியாக இருந்ததால் மாத்திரையைத் தொடரச் சொன்னார். "அடைச்சுக்கிட்டுக் குழாய் எடுத்த பிறகும் போகலைன்னா, பையில கல் வந்தா, ரத்தமோ தொற்றோ திரும்பத் திரும்ப வந்தா, கிட்னி பாதிச்சா, அப்ப மறுக்கக் கூடாதுய்யா" என்றார். சரி என்றேன்.