15 மீன்கள் கற்றுத்தரும் பாடம்

மாணவர்களே, சந்தையில் விற்கும் சியாக்காப் மீனை ஆங்கிலத்தில் 'சீ பாஸ்' என்பர். நம் ஈயக்குட்டைகளில் தூண்டில்காரர்கள் பிடிப்பது 'பீக்காக் பாஸ்'. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த, திலாப்பியா குடும்பத்து மீன். பெயரில் 'பாஸ்' இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். இன்று நாம் காணவிருப்பது மூன்றாவது குடும்பம்: வட அமெரிக்காவின் நன்னீர் பாஸும் அதன் உறவினரான சன்ஃபிஷ் மீன்களும். இக்குடும்பத்தில் 30க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றின் தாயகம் வட அமெரிக்கா மட்டுமே.

எப்படி அடையாளம் காண்பது?

• பெருவாய் பாஸ்: வாயின் ஓரம் கண்ணைத் தாண்டிச் செல்லும். பச்சை நிற உடலின் பக்கவாட்டில் கரும்பட்டை நீளவாக்கில் ஓடும்.
• சிறுவாய் பாஸ்: வாயின் ஓரம் கண்ணைத் தாண்டாது. பழுப்பு நிற உடலில் செங்குத்துப் பட்டைகள் இருக்கும்.
• புளூகில்: தட்டையான வட்ட உடல், சிறிய வாய். செவுள் மூடியின் முனையில் கரும்புள்ளி இருக்கும்.

காவல் காக்கும் தந்தை

இக்குடும்பத்தில் கூடு கட்டுவது ஆண் மீன். ஆழமற்ற நீரில் வாலால் அடித்தரையைத் துடைத்துக் கிண்ணம் போன்ற குழி அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுச் சென்றுவிடும். ஆண் மீன் துடுப்புகளை அசைத்து முட்டைகளின்மீது சேறு படியாமல் காக்கும். முட்டைகளுக்கு உயிர்வளியும் கிடைக்கும். காவலிருக்கும் பாஸைத் தூண்டிலில் பிடித்துச் சில நிமிடங்களில் திரும்ப விட்டால்கூட, அதற்குள் புளூகில் கூட்டம் முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும்.

பாஸ் புளூகில் குஞ்சுகளைத் தின்னும். புளூகில் பாஸின் முட்டைகளைத் தின்னும். தாயகத்தில் இவை ஒன்றையொன்று கட்டுக்குள் வைத்திருக்கின்றன.

ஜப்பானில் நடந்தது என்ன?

1925இல் பெருவாய் பாஸ் ஜப்பானின் ஆஷி ஏரியில் விடப்பட்டது. 1960இல் அமெரிக்கா சென்ற பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோ மேயர் புளூகில் மீன்களைப் பரிசளித்தார். உணவு மீனாக வளர்க்கலாம் என எண்ணி, இளவரசர் அவற்றை மீன்வள ஆய்வாளர்களிடம் கொடுத்தார். பின்னர் அவை நீர்நிலைகளுக்குள் புகுந்தன. இன்று ஜப்பானில் உள்ள புளூகில்கள் அந்த 15 மீன்களின் வழித்தோன்றல்கள் என மரபணு ஆய்வு காட்டுகிறது.

நாட்டின் மிகப் பெரிய ஏரியான பீவாவில் பாஸும் புளூகிலும் பெருகின. அங்கேயும் இவை ஒன்றையொன்று கட்டுப்படுத்தாதா என்று நீங்கள் கேட்கலாம். இப்படிப்பட்ட வேட்டை மீனுக்குப் பழகாத உள்ளூர் மீன்கள் பாஸுக்கு எளிய இரையாயின. அவற்றின் முட்டைகளைப் புளூகில் தின்றது. கரையோர நாணற்காடுகளும் குறைந்துபோனதால் பாதிப்பு இரட்டிப்பானது.

2005 முதல் அனுமதியின்றி இம்மீன்களை உயிருடன் வளர்ப்பதற்கும் நீர்நிலைகளில் விடுவதற்கும் அங்கே சட்டப்படி தடை உண்டு. மீனியல் ஆய்வாளருமான அகிஹிட்டோ, பேரரசராக இருந்த 2007இல், இதற்காகப் பொதுவில் வருத்தம் தெரிவித்தார்.

நல்ல எண்ணத்துடன் செய்த செயலே இப்படி முடிந்தது. ஆகவே, வீட்டுத் தொட்டியில் மீன் பெரிதாகிவிட்டால் ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். வாங்கிய கடையிடமோ வளர்க்கக்கூடிய நண்பரிடமோ ஒப்படையுங்கள்.

சிந்தித்து விடையளி

1. முட்டைகளுக்கு ஆண் மீன் துடுப்பால் விசிறுவதன் இரு பயன்கள் யாவை?
2. தாயகத்தில் சமநிலையில் வாழும் இனம், வேறு நாட்டில் ஏன் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது?