சிறு பாக்கியும் கோர்ட்டு வழியும்

 

பந்திங் வட்டாரத்தில் நம்மவரில் சிறு வியாபாரிகளும் கைத்தொழிலாளரும் பலர். சரக்கைக் கொடுத்துவிட்டு, பணம் வராமல் தவிப்போர் அவர்களில் உண்டு. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று வக்கீல் செலவுக்கு அஞ்சி, நியாயமான பாக்கியைக் கைவிட்டு விடுகிறோம். அவ்வாறு விடவேண்டியதில்லை என்பதே இப்பாடத்தின் கருத்து.

திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமாகும். தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் அது பணிக்கிறது. 280-ஆம் வசனமோ, கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்கிறது. ஆகவே இல்லாதவரை நெருக்குவது நமக்கு ஆகாது. இருந்தும் கொடாதவரிடம் நமது ஹக்கைக் கேட்பது குற்றமுமாகாது.

இனி வழியைக் காண்போம். 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் 93-ஆவது பகுதி சிறு கோரிக்கை வழக்குகளுக்குரியது. 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கையை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நாமே தொடரலாம். கோல லங்காட் மாவட்டத்தாருக்குத் தெலுக் டத்தோவில் மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது.

1. வாதி தனி மனிதராக இருத்தல் வேண்டும். கம்பெனி வாதியாக வர இயலாது. வாதிக்காக வக்கீல் வாதாடுவதில்லை.

2. 198-ஆம் எண் பாரத்தில் கோரிக்கையை எழுதிக் கையொப்பமிட வேண்டும். என்ன பாக்கி, எந்தத் தேதியில், எவ்வளவு என்பது தெளிவாயிருக்கட்டும்.

3. பாரத்தைக் கோர்ட்டில் பதிந்து பிரதிவாதிக்குச் சேர்ப்பிக்க வேண்டும். அவர் 14 நாட்களுக்குள் 199-ஆம் எண் பாரத்தில் பதிலளிக்கலாம். எதிர்க் கோரிக்கையும் செய்யலாம்.

4. விசாரணை நாளில் ரசீது, கணக்குப் புத்தகம், கடிதம், கைப்பேசிச் செய்தி, சாட்சி ஆகியவற்றுடன் தவறாது ஆஜராக வேண்டும்.

இரு தரப்பாரும் இசைந்து தீர்த்துக்கொள்ள மாஜிஸ்திரேட் உதவ வேண்டுமென்று விதியே கூறுகிறது. நமது மார்க்கம் சிறப்பிக்கும் ‘சுல்ஹு’ம் இதுவே. தீர்ப்புக்குப் பின்னும் பணம் வராவிடில், பொருள்களை ஜப்தி செய்யக் கோர்ட்டை நாடலாம்.

வேறு இரு வாசல்களும் உண்டு. வாங்கிய பொருளிலோ சேவையிலோ ஏமாந்தவர், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்றாண்டுகளுக்குள் கோர வேண்டும். கடன் கொடுத்த கடைக்காரர் வாடிக்கையாளர்மீது அங்கே முறையிட இயலாது. கூலிப் பாக்கிக்குத் தொழில் இலாகாவை அணுகுதல் வேண்டும்.

ஒப்பந்தப் பாக்கிக்கு 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் ஆறாண்டுகள் தருகிறது. அதன்பின் வழக்கு நில்லாது. தாட்சண்யத்தால் நாளைக் கடத்துவோர் இதை மறவாதிருப்பாராக.

சகோதரர்களே! கோர்ட்டுப் படி ஏறுவதற்கு முன் நல்லவர் இருவரை வைத்துப் பேசுங்கள். அதற்கும் முன், கடன் கொடுக்கும் அன்றே, உடன்பிறந்தாராயினும் எழுதி வாங்குங்கள். எழுத்திலிருந்தால் கொடுத்தவர் பொருளும் வாங்கியவர் மானமும் காக்கப்படும். வல்ல அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் பரக்கத்தையும் அருள்வானாக, ஆமீன்.