இழுபறியில் ஜெயிக்கும் ஆக்சிஜன்

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பில் சாம்பார் கொதித்துவிடுகிறது. அதிலேயே வைக்கும் வெறும் கண்ணாடிக் கிண்ணம் அவ்வளவாகச் சூடாவதில்லையே, ஏன்?

பதில்: காரணம், தண்ணீர் மூலக்கூறுக்குள் நடக்கும் ஓரவஞ்சனை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுத்தான் சேர்கின்றன. ஆனால் ஆக்சிஜன் தன் பக்கம் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. இப்படி இழுக்கும் திறனுக்கு, அதாவது எலக்ட்ரான் கவர்தன்மைக்கு, 1932-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் ஹைட்ரஜனுக்கு இன்றைய மதிப்பு 2.20, ஆக்சிஜனுக்கு 3.44. எல்லோரையும் மிஞ்சும் பேராசைக்காரர் ஃபுளோரின்: 3.98.

ஆகவே ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின்னூட்டம், ஹைட்ரஜன் பக்கம் நேர்மின்னூட்டம். மூலக்கூறு வளைந்திருப்பதால் இரு பிணைப்புகளின் இழுப்பும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. நேர்கோடாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடில் ரத்தாகிவிடும்.

அடுப்பின் மின்புலம் வினாடிக்குச் சுமார் 245 கோடி முறை ஊசலாடுகிறது. அதற்கேற்பத் திரும்ப முயலும் நீர் மூலக்கூறுகள் அக்கம்பக்கத்தோடு இடித்து உரச, சாம்பார் சூடாகிறது.

கண்ணாடியிலும் சிலிக்கானிடமிருந்து ஆக்சிஜன் இழுக்கத்தான் செய்கிறது, இன்னும் பலமாகவே. ஆனால் அங்கே அணுக்கள் வலையாகக் கட்டுண்டு கிடப்பதால் திரும்ப வழியில்லை. பனிக்கட்டிக்கும் ஏறக்குறைய இதே கதிதான்; ஃப்ரீசரிலிருந்து எடுத்த குழம்பு முதலில் இளக அடம்பிடிப்பது அதனால்தான்.