கிரீன் கார்டு வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் உத்தியோகத்தின் பேரில் நிரந்தர வாசம் கோரும் இந்தியர் ஒருவருக்கு வரும் கடிதங்களுள் மிகவும் மதிப்பு வாய்ந்தது எதுவென்று என்னைக் கேட்டால், சம்பள உயர்வுக் கடிதத்தையோ வீட்டுக் கடன் அனுமதியையோ நான் சொல்லமாட்டேன். ஐ-140 என்னும் மனு அங்கீகாரம் பெற்றதை அறிவிக்கும் ஐ-797 என்ற தாளையும், அதில் ஒரு சிறு கட்டத்துக்குள் அச்சாகியிருக்கும் பிரயாரிட்டி டேட் என்ற ஒரு தேதியையுமே சொல்வேன். வேலை மாறலாம், கம்பெனி மாறலாம், வகுப்புகூட மாறலாம். அந்தத் தேதி கைவசம் இருந்தால் வரிசையில் நின்ற இடம் போகாது. இங்கே சொல்லப்போகிற படிகள் யாவும் அந்தத் தேதியை எவ்வளவு சீக்கிரம் சம்பாதிப்பது, எப்படிக் காப்பது, எப்போது பயன்படுத்துவது என்பதையே சுற்றி வருகின்றன.

முதலில், தாம் எந்த நாட்டின் வரிசையில் நிற்கிறோம் என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உத்தியோக வழிக் கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. அதில் எந்த ஒரு நாட்டாருக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் போகலாகாது. நாடு என்பது இங்கே பிறந்த நாடே அன்றிப் பிரஜையாக உள்ள நாடு அன்று. மதுரையில் பிறந்தவர் கனடா நாட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாலும் இந்திய வரிசையிலேதான் நிற்க வேண்டும். ஆனால் கணவன் மனைவி இருவருள் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்நாட்டின் கணக்கில் இருவரும் சேரலாம் என்று சட்டம் இடம் தருகிறது. மனைவி யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ பிறந்தவரென்றால், பத்தாண்டுக் காத்திருப்பு அநேகமாகக் கரைந்துவிடும். இதை அறியாமலே ஆண்டுகளைக் கழித்த தம்பதிகளும் உண்டு. அமெரிக்காவில் பிறந்த குழந்தையால் மட்டும் இந்த விஷயத்தில் பெற்றோருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை.

இந்திய வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஈபி-2 என்னும் இரண்டாம் வகுப்புக்கு மொத்த எண்ணில் 28.6 சதவிகிதம், அதாவது சுமார் 40,000. அதில் 7 சதவிகிதம் 2,800 சொச்சம். கணவன், மனைவி, இந்தியாவில் பிறந்த குழந்தை ஒன்று என்றால் மூன்று எண்கள் செலவாகிவிடும் என்பதால், இந்தப் பங்கு ஆயிரம் குடும்பத்துக்குக்கூடக் காணாது. பிறநாட்டார் எடுக்காமல் விட்ட எண்கள் மூத்த தேதிக்காரர்களுக்கு வந்து சேருவதுண்டு என்றாலும், 2025-ஆம் ஆண்டு கோடையில் ஈபி-2 இந்திய வரிசை 2013 ஜனவரி 1-ஆம் தேதியிலேயே நின்றுகொண்டிருந்தது.

அடுத்தபடி வகுப்பைத் தேர்வது. அபூர்வத் திறமையாளர், புகழ்பெற்ற ஆராய்ச்சியாளர், வெளிநாட்டுக் கிளையிலிருந்து மாற்றலாகி வந்த மேலாளர் ஆகியோருக்கு ஈபி-1. முதுகலைப் பட்டமோ, இளங்கலைப் பட்டத்தோடு ஐந்தாண்டு அனுபவமோ தேவைப்படும் வேலைக்கு ஈபி-2. இளங்கலைப் பட்டமோ இரண்டாண்டுப் பயிற்சியோ போதுமான வேலைக்கு ஈபி-3. வகுப்பை முடிவுசெய்வது உங்கள் பட்டம் மட்டும் அன்று, அந்த வேலைக்கு என்ன தகுதி வேண்டும் என்று கம்பெனி எழுதிக்கொடுப்பதும் ஆகும். நம்மவர்களுக்கு ஒரு பிரத்தியேகச் சங்கடம், மூன்றாண்டு பி.எஸ்ஸி.; அதை மட்டும் அமெரிக்க நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக அங்கே ஒப்புவதில்லையாதலால், வக்கீலிடம் முதல் நாளே மதிப்பெண் பட்டியல்கள் முழுவதையும் காட்டிவிடுவது உத்தமம். என்.ஐ.டபிள்யூ. என்ற தேசிய நலன் விலக்கு வழியாகப் போனால் கம்பெனியின் தயவு வேண்டாம் என்பது உண்மை. வரிசை குறையும் என்பது பொய். அதுவும் ஈபி-2 தான்.

மூன்றாவது படி பெர்ம் என்னும் தொழிலாளர் சான்றிதழ். அந்த வேலைக்கு நடப்புச் சம்பளம் இன்னதென்று தொழில் இலாகாவிடம் நிர்ணயம் பெற்று, இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, தகுதியுள்ள அமெரிக்கர் எவரும் கிடைக்கவில்லை என்று நிரூபித்த பிறகே விண்ணப்பம் தாக்கலாகும். அந்தத் தாக்கல் தினமே உங்கள் தேதி. சம்பள நிர்ணயத்துக்கும் விளம்பரத்துக்கும் கழிந்த மாதங்கள் உங்கள் கணக்கில் சேரா. “அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்” என்று மேலாளர் சொல்லும் ஒவ்வொரு முறையும் வரிசை உங்களுக்கு முன்னால் நீண்டுகொண்டே போகிறது. பெர்ம் வக்கீல் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் கம்பெனியே ஏற்க வேண்டும், தொழிலாளியிடம் வாங்குவது சட்டவிரோதம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்ம் கிடைத்த 180 நாட்களுக்குள் ஐ-140 தாக்கலாக வேண்டும். அங்கீகாரத் தாள் கம்பெனிக்கும் வக்கீலுக்குமே போகும். உங்கள் கைக்குத் தானாக வராது. வேலையில் இருக்கும்போதே, சிநேகபாவம் குலையாமல், ஒரு பிரதி கேட்டு வாங்கி வையுங்கள். அங்கீகாரம் கிடைத்து 180 நாள் கடந்துவிட்டால், பழைய கம்பெனி மனுவை வாபஸ் வாங்கினாலும் ஹெச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவின் நீட்டிப்புக்கு அது உதவும். புதிய கம்பெனி புதிதாகப் பெர்மும் ஐ-140-உம் செய்தாக வேண்டும் என்பது மெய்யே. ஆனால், மோசடியோ பெரும் பிழையோ இல்லாதவரை, பழைய தேதி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஹெச்-1பி-யின் ஆறாண்டு வரம்பைத் தாண்டி மும்மூன்று ஆண்டுகளாக நீட்டிக்கவும், ஹெச்-4 என்னும் துணைவர் விசாவில் இருக்கும் மனைவியோ கணவனோ வேலை அனுமதி பெறவும் இதே அங்கீகாரம்தான் ஆதாரம். ஆகையால் ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் பெர்ம் தாக்கலாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

பிறகு மாதந்தோறும் விசா புல்லட்டின் படிக்கும் பழக்கம். 2015 அக்டோபர் முதல் அதில் இரண்டு அட்டவணைகள்: ஒன்று கிரீன் கார்டு வழங்கக்கூடிய தேதி, மற்றது விண்ணப்பிக்கக்கூடிய தேதி, அந்த மாதம் எதைப் பின்பற்றலாம் என்பதைக் குடியேற்ற இலாகா தனியே அறிவிக்கும். உங்கள் தேதி அங்கே அச்சாகியுள்ள தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். அதே நாளாக இருந்தால் போதாது. ஆண்டுக் கணக்கு அக்டோபரில் தொடங்குவதால் ஆகஸ்ட், செப்டம்பரில் தேதிகள் நின்றோ பின்னோக்கியோ போவது சகஜம். மனம் உடைய வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் ஈபி-3 விண்ணப்பத் தேதி 2015 ஜனவரி வரை பாய்ந்து ஈபி-2-ஐ முந்திக்கொண்டபோது, அநேகர் கௌரவம் பாராமல் கீழ் வகுப்பில் இன்னொரு ஐ-140 போட்டார்கள். அது புத்திசாலித்தனம் என்பதே என் அபிப்பிராயம்.

பிள்ளைகளின் வயதைத் தனியே கணக்கிட்டு வையுங்கள். 21 முடிந்தால் பெற்றோரோடு சேர முடியாது. ஆயினும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், எண் கிடைக்கும் நாளின் வயதிலிருந்து ஐ-140 பரிசீலனையில் இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. மனு பத்து மாதம் கிடந்திருந்தால், 21 வருஷம் 8 மாதம் ஆன பெண்ணுக்குச் சட்டப்படி 20 வருஷம் 10 மாதமே. அவசரக் கட்டணம் கட்டிப் பதினைந்தே நாளில் அங்கீகாரம் வாங்கிய தகப்பனாருக்குக் கழிக்கக் கிடைப்பதும் அந்தப் பதினைந்து நாள்தான்! 2025 ஆகஸ்ட் 15 முதல் இந்தக் கணக்குக்கு விசா புல்லட்டினின் முதல் அட்டவணையையே கொள்கிறார்கள். எண் கிடைத்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும்.

தேதி வந்ததும் ஐ-485 என்னும் கிரீன் கார்டு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்ய ஓடும்போதுதான் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் ஞாபகம் வருகிறது. நம் ஊர்ப் பழைய சான்றிதழ்களில் தகப்பன் பெயர், தாய் பெயர், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கும். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே நகராட்சியில் கேட்டுப் பெயரைச் சேர்க்க முயலுங்கள். பதிவே இல்லையென்றால் இல்லை என்பதற்கு ஒரு சான்று வாங்கி, உங்கள் பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர்கள் இருவரிடம், அவர்கள் திடமாக இருக்கும்போதே, சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.