ஈறும் மிஸ்வாக்கும்

ஒளுச் செய்ய உட்கார்ந்து மிஸ்வாக்கை எடுத்ததும் சிலருக்கு எச்சிலோடு இரத்தம் வருகிறது. ஒளு முறிந்துவிடுமோ என்று அஞ்சி, நாளடைவில் மிஸ்வாக்கையே விட்டுவிடுகிறார்கள். இது சரிதானா?

ஹனபி மத்ஹபில், இரத்தம் எச்சிலுக்குச் சமமாகவோ மிகுந்தோ இருந்தால் ஒளு முறியும்; எச்சில் மஞ்சளிக்கும் அளவே இருந்தால் முறியாது. ஷாபிஈ மத்ஹபில் இரத்தத்தால் ஒளு முறிவதில்லை. ஆனால் அது நஜீஸாதலால் வாயைக் கழுவ வேண்டும். ஆகவே முதலில் மிஸ்வாக் செய்து, கொப்பளித்து, இரத்தம் நின்றபின் ஒளுவைத் தொடங்கினால் இரு சாராருக்கும் சிக்கல் இல்லை. நோன்பாளிகள் இரத்தத்தை விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

சமுதாயத்துக்குச் சிரமமாகும் என்றில்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டளையிட்டிருப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை புகாரியும் முஸ்லிமும் அறிவிக்கின்றன. அத்தகைய ஸுன்னத்தை இரத்தத்துக்கு அஞ்சி விடுவது பல்லுக்கும் கேடு.

ஏனெனில், ஈற்றோரம் தங்கும் அழுக்கில் பெருகும் கிருமிகளே பெரும்பாலும் ஈறு வீங்கி இரத்தம் கசியக் காரணம். துலக்காமல் விட்டால் அழுக்கு காரையாக இறுகும். ஈறு பல்லைவிட்டுப் பிரியும். வேரைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். ஈறு சுருங்க, பல் நீண்டதுபோல் தோன்றும், பிறகு ஆடும். பெரும்பாலும் வலி இராது. ஈறு வீங்கிய நிலையிலேயே கவனித்தால் குணமாகும். கரைந்த எலும்போ தானாக வளராது. புகையிலையும் கட்டுப்படாத நீரிழிவும் கேட்டை விரைவாக்கும்.

அதற்காக அழுத்தித் தேய்ப்பதும் தவறு. கடினமான குச்சி, செங்கல் தூள், கரித்தூள் ஆகியவற்றால் தேய்த்தாலும் ஈறு விலகி வேர் தெரியும். குச்சியின் முனையை நீரில் ஊறவைத்து, மென்று நாராக்கி, மென்மையாகத் துலக்குவோம். பிரஷ்ஷானாலும் மென்மையானதே நல்லது.

இறுகிய காரை குச்சிக்கும் பிரஷ்ஷுக்கும் அசையாது. பல் மருத்துவரே அதை அகற்ற வேண்டும். தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலை போன்ற இடங்களில் வேப்பங்குச்சி எளிதில் கிடைக்கும். மருத்துவரைத் தேடி அரூருக்கோ தருமபுரிக்கோ இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனாலேயே பல் ஆடும்வரை பலர் பொறுத்திருக்கிறார்கள். அப்போது பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லாமலும் போகலாம். இரத்தம் தொடர்ந்து கசியும்போதே செல்லும் ஒரு நாள், பல பற்களைக் காக்கும்.

உடலும் அல்லாஹ்வின் அமானிதமே. அதைப் பேணி, ஸுன்னத்தையும் விடாமல் பற்றிக்கொள்ள அவன் நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.